மூன்று கார்பரேட்டரும் ஒரு மீசையும்

தருமபுரி
8-8-1983

தம்பி உசேனுக்கு, அண்ணன் அப்துல் கனியின் அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நானும் உன் அண்ணி அஸ்கரியும் உயிரோடு இருக்கிறோம். அங்கே கோயமுத்தூரில் நீயும் ஷகிலாவும் உயிரோடுதான் இருப்பீர்கள். இல்லையென்றால் தந்தி வந்திருக்கும்.

மூன்று வருஷமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று முகத்தைச் சுளிப்பாய். சுளித்துக்கொண்டே படி.

ஆடிப்பெருக்கு அன்று அத்தாவின் செவர்லே காரை ஒகேனக்கல்லுக்கு எடுத்துப் போனேன். பாப்பாரப்பட்டி மாதேஸ்வரன் குடும்பம் சவாரி. இறங்கும்போது ராஜாவாட்டம் இறங்கியது. திரும்பி ஏறும்போது மூன்றாவது வளைவில் இருமி, தும்மி, நின்றேவிட்டது. மாதேஸ்வரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளுகிறார், அவர் மனைவி ராமக்காள் தலையில் அடித்துக்கொள்கிறாள், பின்னால் வரிசையாகப் பஸ். அந்த நேரம் பார்த்து கல் குவாரி வெங்கடாசலம் ஜீப்பில் வந்து சேர்ந்தான். அத்தா இருக்கும்போதே இந்த வண்டியை விலைக்குக் கேட்டு இல்லையென்று வாங்கிக்கொண்டு போனவன். இறங்கி மீசையைத் தடவிக்கொண்டு, "கனி பாய், இத எடைக்குப் போட்டு பேரீச்சம்பழம் வாங்கித் தின்னுங்க. ஒடம்புக்காவது ஆவும்" என்றான். ரோடே சிரித்தது.

எனக்கு எங்கிருந்துதான் அந்த வாய் வந்ததோ. "தை அமாவாசைக்கு மறுநாள் இதே மலையை டாப் கியரில் ஏறிக் காட்டறேன், கியர் குச்சியத் தொடாம, நாலு ஆளை ஏத்திக்கிட்டு. ஏறலைன்னா வண்டி உன்னுது" என்றேன். அவனும், "ஏறிட்டா இந்த மீசைய எடுத்துடறனுங்க பாய், இதே எடத்துல" என்றான். ஐம்பது பேர் சாட்சி.

அத்தா பெங்களூர் பழைய இரும்புக் கடையில் வாங்கிய அந்த மூன்று வாய் மேனிஃபோல்டு, இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகிற குழாய், இன்னும் சாக்கில் சுற்றியபடி பரணில் கிடக்கிறது. அதை எடுத்து மூன்று கார்பரேட்டர் மாட்டப் போகிறேன். மாட்டுவது என் வேலை. மூன்றையும் ஒரே மூச்சுக்குக் கொண்டுவருவது உன் காதின் வேலை. லீவு போட்டுவிட்டு வந்து சேர்.

அப்துல் கனி


கோயமுத்தூர்
30-8-1983

அண்ணன் அவர்களுக்கு, உசேன். வ அலைக்கும் ஸலாம்.

நாங்கள் நலம். அண்ணிக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது? அவர்களுக்காக மட்டும்தான் இந்த நலம் விசாரிப்பு.

வண்டி ரெண்டு பேருக்கும் பொது என்று அத்தா ஜமாஅத் பெரியவர்கள் முன்னால் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். முன் பாதி யாருக்கு, பின் பாதி யாருக்கு என்று சொல்லவில்லை. இன்ஜின் இருக்கிற பாதி என்னுடையது என்று நான் சொன்னால் என்ன செய்வீர்கள்? டிக்கியை மட்டும் டாப் கியரில் மலையேற்றிக் காட்டுவீர்களா? என் பாதியைப் பந்தயம் வைக்க நீங்கள் யார்?

அப்படியே வைத்தாலும் கணக்குத் தெரிந்து வைத்திருக்கக் கூடாதா? வெங்கடாசலம் வைத்தது மீசை. வழித்தால் ஒரு மாதத்தில் முளைத்துவிடும். நீங்கள் வைத்தது செவர்லே. அது முளைக்குமா? பந்தயம் ஹராம் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற ஆள் வேறு நீங்கள்.

இன்னொன்று. அந்த மேனிஃபோல்டைச் சாக்கிலிருந்து முதலில் எடுத்தவன் நான். ஆறு சிலிண்டர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது, நடுவில் ஒரே ஒரு கார்பரேட்டர். ஆறு பேரை வரிசையாக உட்கார வைத்து நடுவில் ஒரே ஒரு சகன் தட்டில் சோறு வைத்தால், நடுவில் இருப்பவன் வயிறு முட்டத் தின்பான், ஓரத்தில் இருப்பவனுக்குக் கை எட்டாது. ஓரத்துச் சிலிண்டர் பட்டினி கிடப்பதால்தான் மலையில் மூச்சு வாங்குகிறது. ரெண்டு பேருக்கு ஒரு சகன் வைப்போம் என்று சொன்னேன். ஞாபகம் இருக்கிறதா? "அத்தா கைபட்ட இன்ஜின்ல நீ கை வெக்கறியாடா" என்று பட்டறையில் பத்துப் பேர் முன்னால் அறைந்தீர்கள். அன்றைக்கு நான் சொன்னால் அது திமிர். இன்றைக்கு உங்களுக்குத் தோன்றினால் அது மூளை.

நான் வரமாட்டேன். பந்தயம் வைத்த வாயே போய் மூன்று கார்பரேட்டரையும் ஊதட்டும்.

உசேன்


தருமபுரி
22-9-1983

உசேனுக்கு, கனி. ஸலாம்.

பக்ரீத்துக்கும் வரவில்லை. உன் பங்குக் கறியை உன் அண்ணி எடுத்து வைத்து, மூன்று நாள் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டுக்கொண்டே பக்கத்து வூட்டுக்குக் கொடுத்தாள். அவள் மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது. எனக்கு எந்த வலியும் இல்லை, நீ கேட்கவும் இல்லை.

அறைந்தேன். இல்லையென்று சொன்னேனா? அண்ணன் அடித்தால் தம்பி ரெண்டு நாள் சாப்பிடாமல் இருப்பான், மூன்றாம் நாள் சோற்றுக்கு வருவான். அதுதான் உலக வழக்கம். நீதான் மூட்டையைக் கட்டிக்கொண்டு கோயமுத்தூர் போய், இன்ஜின் வேலையையே தலைமுழுகிவிட்டு, பம்ப்செட் கம்பெனியில் லேத்து முன்னால் நின்று இரும்பு சீவுகிறாய். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த பிளக் எரியவில்லை என்று சொல்கிற பயலுக்கு இரும்பு சீவுகிற வேலை! அத்தா பார்த்தால் பெருமைப்படுவார், போ.

நீ வராவிட்டால் என் கை என்ன பூப்பறிக்குமா? மாட்டிவிட்டேன். நடுவில் பழைய கார்பரேட்டர். அதே ஜாதியில் ஒன்று சேலத்துப் பழைய சாமான் கடையில் கிடைத்தது. இன்னொன்று கம்பைநல்லூர் கிருஷ்ணப்பன் தோட்டத்தில் கோழி அடைகிற செத்த லாரியிலிருந்து கழற்றினேன். மூன்றுக்கும் ஆக்சிலேட்டர் இழுக்க சைக்கிள் பிரேக் கம்பியை வளைத்து ஒரே தண்டில் கட்டினேன். பார்க்க வேண்டும் நீ, கண்கொள்ளாக் காட்சி.

ஓடுகிறதா என்று கேட்பாய். ஓடுகிறது. காலையில் கிளப்புவதற்குள் கை விட்டுப்போகிறது. கிளம்பினால் ஒரு உறுமல், ரெண்டு இருமல். நேற்று குனிந்து பார்க்கும்போது முன் கார்பரேட்டர் வாயிலிருந்து தீ வந்து என் புருவத்தை எடுத்துக்கொண்டது. உன் அண்ணி, "பந்தயம் வெச்சது அவரு மீசைய, கருகினது உங்க புருவமாங்க?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

என்ன கோளாறு என்று நான் உன்னிடம் கேட்கவில்லை. சொல்ல வேண்டுமென்று தோன்றினால் சொல்.

கனி


கோயமுத்தூர்
25-10-1983

அண்ணன் அவர்களுக்கு, உசேன். ஸலாம்.

பதில் எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். ஷகிலா உங்கள் கடிதத்தை அடுப்படியில் ஒட்டி வைத்துவிட்டாள், புருவம் கருகிய இடத்தைப் படித்துச் சிரிப்பதற்காக. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட முடியவில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கோழி அடைந்த கார்பரேட்டரைக் கழுவாமல் மாட்டியிருப்பீர்கள். கழற்றுங்கள். பெட்ரோல் வருகிற ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும், வாயால் ஊதுங்கள். அதுதான் உங்களிடம் நிறைய இருக்கிறதே. மூன்றிலும் ஒரே அளவு ஜெட்தானா என்று பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள்.

மேனிஃபோல்டு இன்ஜின் தலையில் உட்காருகிற இடத்தில் எண்ணெய் விட்டுப் பாருங்கள். உறிஞ்சினால் காஸ்கெட் வழியே கள்ளக் காற்று போகிறது. பழைய மேனிஃபோல்டு சைலன்சர் சூட்டில் உட்கார்ந்து வெதுவெதுப்பாக இருந்தது. இது மொட்டையாக நிற்கிறது. காலையில் ஒரு கெட்டில் வெந்நீரை அதன் மேல் ஊற்றிவிட்டுக் கிளப்புங்கள், கை மிஞ்சும்.

இவ்வளவும் செய்த பிறகு பெண்ணாகரம் ரோட்டில் ஒரு ஓட்டம் விட்டு நிறுத்தி, ஆறு பிளக்கையும் கழற்றி நிறத்தைப் பாருங்கள். பார்த்து எழுதுங்கள். எழுதாவிட்டாலும் எனக்குக் கவலையில்லை.

அண்ணிக்கு நொச்சித் தைலம் தடவச் சொல்லுங்கள்.

உசேன்


தருமபுரி
8-11-1983

உசேனுக்கு, கனி. ஸலாம். தைலம் தடவுகிறாள். வூடே நாறுகிறது.

ஜெட் ஒன்று அளவு வேறாகத்தான் இருந்தது. மாற்றிவிட்டேன். உனக்கு அதில் ஒன்றும் சந்தோஷம் வேண்டாம்.

பிளக் பார்த்தேன். நடு ரெண்டும் பிஸ்கட் நிறம். முன் ரெண்டும் அடுப்புக்கரி. பின் ரெண்டும் வெள்ளை வெளேர் என்று சுண்ணாம்பு. அதாவது முன்னால் இருப்பவன் பெட்ரோலைக் குடித்துத் தள்ளுகிறான், பின்னால் இருப்பவன் காற்றைத் தின்று காய்கிறான். மூன்றும் ஒரே மூச்சு விடவில்லை.

அத்தா ஏற்காட்டுத் துரைமார் வண்டிகளுக்கு எப்படிச் செய்வார் என்று எனக்கும் தெரியும். ரெண்டு ரப்பர் குழாய். ஒன்று இந்தக் கார்பரேட்டர் வாயில், மறுமுனை வலது காதில். இன்னொன்று அந்தக் கார்பரேட்டர் வாயில், மறுமுனை இடது காதில். ரெண்டு மூச்சும் சமமானால் சத்தம் ரெண்டு காதிலும் இருக்காது, தலைக்கு நடுவில் வந்து நிற்கும். அப்படி நிற்கிறவரை திருகாணியைத் திருப்பு என்பார். எனக்கு எங்கே நிற்கிறது? இருபது வருஷம் தகரம் தட்டித் தட்டி ரெண்டு காதும் மந்தம். ஒரு நாள் முழுக்கக் குழாயை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மியில் மிளகாய் அரைக்கிற சத்தம்தான் கேட்டது. உனக்கோ, அத்தா சொல்லி முடிப்பதற்குள் நடுவில் வந்து நிற்கும். அந்தக் காதை வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறாயே, நியாயமா?

இன்னொன்று. பஸ் டிரைவர் மாரியப்பன் உன்னைக் காந்திபுரத்தில் பார்த்தாராம். பத்தடி தள்ளி நின்று, "உசேனு, உசேனு" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாராம். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாயாம். "ஒந்தம்பிக்கு ரொம்பத்தான் ஏறிப்போச்சுங்க" என்று டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னார். என் மேல் கோபம் என்றால் என்னோடு வைத்துக்கொள். ஊர்க்காரன் என்ன செய்தான்?

தை நெருங்குகிறது. வெங்கடாசலம் வண்டிக்கு ஷெட் போட ஜல்லி இறக்கிவிட்டானாம். இதற்கு மேல் என்னால் கெஞ்ச முடியாது. இதுவே அதிகம்.

கனி


கோயமுத்தூர்
5-12-1983

அண்ணன் அவர்களுக்கு, உசேன். ஸலாம். நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

காந்திபுரத்தில் ஆயிரம் பேர் ஆயிரம் பேரைக் கூப்பிடுகிறார்கள். எல்லோருக்கும் திரும்பினால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். மாரியப்பன் அண்ணனுக்கு என் மேல் வருத்தம் என்றால் அதை அவர் டீயோடு சேர்த்துக் குடிக்கட்டும்.

வரமுடியாது என்று சொல்லிவிட்டேன். திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள்.

இதோடு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். உடைக்காமல் பிரியுங்கள். உங்கள் கைக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். உள்ளே ஒரு பித்தளைத் தட்டு இருக்கும், லேத்தில் நானே கடைந்தது. கார்பரேட்டர் வாய் அளவு. நடுவில் ஒரு துளை. பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிற சின்னக் கண்ணாடிக் குழாய். அதற்குள் ஒரு நெட்டி மணி. மாலை கட்டுகிற நெட்டியைச் சீவி உருட்டியது.

இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு, தட்டைக் கார்பரேட்டர் வாயில் அழுத்திப் பிடியுங்கள். இன்ஜின் காற்றை இழுக்கும், மணி குழாயில் மேலே ஏறி நிற்கும். நின்ற இடத்தில் மையால் கோடு போடுங்கள். அடுத்த கார்பரேட்டரிலும் மணி அதே கோட்டில் நிற்கிறவரை திருகாணியைத் திருப்புங்கள். மூன்றாவதும் அப்படியே. அவ்வளவுதான். காது வேண்டாம், கண் போதும். கண்ணாவது நன்றாகத் தெரிகிறதா?

பந்தயத்துக்காக இதைச் செய்யவில்லை. என் பாதி வெங்கடாசலம் ஷெட்டுக்குள் போகக் கூடாது என்பதற்காகச் செய்தேன்.

உசேன்


தருமபுரி
14-12-1983

உசேனுக்கு, கனி.

ஸலாம் சொல்லக்கூட வாய் வரவில்லை, இருந்தாலும் ஸலாம்.

வண்டிக்கு நீ வாடா என்றால் ஜுரம் பார்க்கிற சாமானை அனுப்பியிருக்கிறாய். பட்டறையில் எல்லோரும் எடுத்துப் பார்த்துச் சிரித்தார்கள். "பாய், வண்டிக்கு எத்தினி டிகிரிங்க?" என்று கேட்கிறார்கள். அத்தா ரெண்டு ரப்பர் குழாயும் ரெண்டு காதும் வைத்துக்கொண்டு துரைமாரின் வண்டிகளைச் சிட்டாகப் பறக்கவிட்டார். அவர் பெற்ற பிள்ளை மாலை கட்டுகிற நெட்டியை உருட்டி எனக்கு இன்ஜின் வேலை சொல்லித்தருகிறான்!

தெரியும்டா. வந்தால் அண்ணன் ஜெயித்துவிடுவான். அது உனக்குப் பொறுக்காது. வராமல் இருக்க ஒரு பொம்மை செய்து அனுப்பிவிட்டு, நானும் உதவி செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உனக்குக் காது இருக்கிறது, மனசுதான் செவிடு.

இனி எழுதமாட்டேன்.

கனி


(தபால் அட்டை)

கோயமுத்தூர்
20-12-1983

அண்ணன் அவர்களுக்கு. ஸலாம்.

சிரித்து முடித்துவிட்டால் மாட்டிப் பாருங்கள். மாட்ட மனமில்லையென்றால் சாமானைத் திருப்பி அனுப்புங்கள். எனக்கு அது வேண்டும்.

உசேன்


தருமபுரி
9-1-1984

தம்பி உசேனுக்கு, அண்ணன்.

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

உன் சாமானை நேற்று வைத்துப் பார்த்தேன். பக்கத்துப் பட்டறையில் ஒரு பஸ்ஸுக்குத் தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். இன்ஜின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்றே காதுக்குத் தெரியவில்லை. மணியை மட்டும் பார்த்துக்கொண்டு திருகாணியைத் திருப்பினேன். ஒன்று, ரெண்டு, மூன்று. மூன்றிலும் ஒரே கோடு. தகரம் தட்டுவது நின்றதும் கேட்டேன். மூன்று கார்பரேட்டரும் ஒரே மூச்சு. தூங்குகிற குழந்தை மாதிரி.

சந்தோஷத்தில் உன் அண்ணியைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஒன்று தோன்றியது. ஒரு சத்தமும் கேட்காமலே மூச்சைப் பார்க்கிற சாமான் வேண்டும் என்று எவனுக்குத் தோன்றும்? "எனக்கு அது வேண்டும்" என்று எழுதியிருந்தாயே.

எந்தக் காது?

கனி


கோயமுத்தூர்
17-1-1984

அண்ணன் அவர்களுக்கு. வ அலைக்கும் ஸலாம்.

இடது. மாரியப்பன் அண்ணனைக் கேட்டுப் பாருங்கள், எந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார் என்று. அடித்த கை எது என்பது உங்களுக்கே தெரியும்.

முதலில் உள்ளே வண்டு இரைந்தது. சரியாகிவிடும் என்று பார்த்தேன். அந்த வருஷக் கடைசியில் வண்டும் போய்விட்டது. டாக்டர் இனி வராது என்றார். ஒரு காதில் குழாயை வைத்தால் சத்தம் நடுவில் வந்து நிற்காது, அண்ணன். அந்தக் காதிலேயே நிற்கும். அதனால் லேத்துக்குப் போனேன். சாயங்காலங்களில் அந்தச் சாமானைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தேன், எதற்கென்று தெரியாமலே.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லியிருந்தால் நீங்கள் அழுதிருப்பீர்கள். நீங்கள் அழுதால் நான் கோபப்பட முடியாது. தருமபுரியிலிருந்து நான் எடுத்துக்கொண்டு வந்தது அந்தக் கோபம் ஒன்றைத்தான். அதையும் உங்களிடம் கொடுத்துவிட எனக்கு மனமில்லை.

கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். மன்னிப்பு கின்னிப்பு என்று எதையாவது எழுதினால் கடிதத்தை அப்படியே திருப்பி அனுப்புவேன்.

உசேன்


தருமபுரி
6-2-1984

தம்பி உசேனுக்கு, அண்ணனின் அஸ்ஸலாமு அலைக்கும். அண்ணி உனக்கும் ஷகிலாவுக்கும் ஸலாம் சொல்கிறாள்.

நீ திருப்பி அனுப்பிவிடுவாய் என்பதால் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

பந்தயத்தை விட்டுவிட்டேன். தை அமாவாசைக்கு முன்னால் வந்த பாப்பாரப்பட்டிச் சந்தை அன்று வெங்கடாசலத்தைத் தேடிப் போனேன். மாட்டு வியாபாரிகளோடு நின்றுகொண்டிருந்தான். "வெங்கடாசலம், வண்டியில பாதி என் தம்பியோடது. அவனக் கேக்காம நான் வெச்சது செல்லாது. பந்தயம் இல்ல" என்றேன். "என்னங்க பாய், ஐம்பது பேரு முன்னால சொன்ன சொல்லு தம்பிக்குப் பயந்து வாபஸுங்களா?" என்றான். "ஆமா" என்றேன். சந்தையே கைகொட்டிச் சிரித்தது. ஒரு கிழவி, "இவனுக்குப் போயி கனின்னு பேரு வெச்சாங்களே, பிஞ்சாட்டம் இருக்கறான்" என்றாள். இப்போது ஊரில் என் பேர் நாறிக் கிடக்கிறது. வெங்கடாசலம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நின்று மீசையை முறுக்குகிறான். எல்லாம் உன்னால்தான் என்று எழுத வந்தேன். அப்படி எழுத முடியவில்லை.

அமாவாசைக்கு மறுநாள் விடிந்ததும் வண்டியை எடுத்தேன். மேனிஃபோல்டில் வெந்நீர் ஊற்றினேன். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. பின்னால் மூன்று ஆள் எடைக்கு நெல் மூட்டை, முன்னால் என் இடப்பக்கம் உன் அண்ணி. ஒகேனக்கல் போய், மீன் கடைகள் திறப்பதற்குள் வண்டியைத் திருப்பி, கொஞ்சம் ஓடவிட்டு டாப்பில் போட்டேன். அதோடு சரி. குச்சிப் பக்கம் கை போகவில்லை.

நாங்கள் நின்றுபோன அந்த மூன்றாவது வளைவில் வண்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு ஆறு சிலிண்டரும் சாப்பிட்டு எழுந்த ஆட்கள் மாதிரி ஒன்றாகத் தோள் கொடுத்தன. ஏறிவிட்டதடா! மேல் வளைவு வரைக்கும், இருமல் இல்லை, தும்மல் இல்லை. அத்தா இல்லையே, நீ இல்லையே என்று கத்திவிட்டேன்.

பார்க்க யாரும் இல்லை. குரங்குகள் இருந்தன. உன் அண்ணி மலை முடிகிறவரை வாய் ஓயாமல் சக்கரை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். மேலே வந்து, "பாத்தியா, டாப்புலயே ஏறிடுச்சு" என்றேன். "டாப்புனா எதுங்க, அந்தக் குச்சியா?" என்கிறாள். இதுதான் எனக்குக் கிடைத்த ஒரே சாட்சி.

வருகிற ஞாயிற்றுக்கிழமை விட்டு அடுத்த ஞாயிறு வண்டியை எடுத்துக்கொண்டு கோயமுத்தூர் வருகிறேன். உன் பாதியை நீ பார்க்க வேண்டாமா? நீ கதவைத் திறக்காவிட்டால் தெருவிலேயே நிறுத்திவிட்டு பஸ் ஏறிவிடுவேன். நீ என்னிடம் பேச வேண்டும் என்றில்லை. நான் வலது பக்கமாக வந்து நிற்பேன்.

கனி


கோயமுத்தூர்
13-2-1984

அண்ணன் அவர்களுக்கு, உசேன். வ அலைக்கும் ஸலாம். நானும் ஷகிலாவும் நலம். அண்ணியின் மூட்டு மலையேறி இறங்கிய பிறகு எப்படி இருக்கிறது?

பந்தயத்தை விட்டது முட்டாள்தனம். ஜெயிக்கிற வண்டியை வைத்துக்கொண்டு எவனாவது பின்வாங்குவானா? அந்த மீசை இல்லாத முகத்தைப் பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. மாரியப்பன் அண்ணனிடம் மட்டும் காது விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். வேறு யாருக்கும் வேண்டாம்.

கதவு திறந்திருக்கும். அண்ணியையும் கூட்டி வாருங்கள், ஷகிலாவுக்குப் பேச ஆள் இல்லை. தெருமுனையில் சாக்கடை தோண்டிப் போட்டிருக்கிறார்கள், வண்டியைப் பார்த்துத் திருப்புங்கள். என் பாதி வண்டி அது.

மறுநாள் லீவு போட்டிருக்கிறேன். மேட்டுப்பாளையம் போய் குன்னூர் மலையில் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஒகேனக்கல் எல்லாம் ஒரு மலையா?

வண்டியை நான்தான் ஓட்டுவேன். அதில் பேச்சுக்கே இடமில்லை. பெண்கள் ரெண்டு பேரும் பின்னால். நீங்கள் எனக்குப் பக்கத்தில் முன் சீட்டில், என் இடது பக்கம். கடிதத்தில் எழுதினால் திருப்பி அனுப்புவேன் என்று சொன்னேனே, அதையெல்லாம் மலை முடிகிறவரை சொல்லிக்கொண்டே வாருங்கள். எனக்குக் கேட்காது.

உசேன்